வாசற்படியில் ஒரு வெள்ளைக் குருளை

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு மாணவர்கள் என்னை அணுகியபோது, அவர்கள் எதிர்பார்த்தது இசுலாமியத் தமிழிலக்கியம் பற்றிய ஒரு கட்டுரையை. யான் எழுத முற்பட்டதோ ஒரு நாய்க்குட்டியைப் பற்றி. பொருள் எளியது என்று எள்ளுவோர் இருக்கலாம். நாயின் இளமைக்குப் பெயர் வகுத்துத் தந்தவர் தொல்காப்பியர். மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயரை அவர் உரிமையாக்குகிறார். புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பெயர் என்பதை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். யானும் உடன் சிரித்ததுண்டு. இப்போது எம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு குருளை படுத்துக் கிடக்கிறது. அது வந்த வரலாறே இக்கட்டுரைக்குப் பொருள்.

திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே தொலைவு. ஓர் ஊர் ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. மற்றது பஞ்சாலைகளாலும், அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கும் வேட்டைநாயினாலும் பெயர் பெற்றது. பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், உயர்ந்த கால்கள், ஒடுங்கிய வயிறு: இவையே இராஜபாளையம் நாயின் இலக்கணமாகக் கூறப்படுவன. 2005ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் இதுவும் ஒன்று. 2020ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாள் பிரதமர் தம் வானொலி உரையில் உள்நாட்டு நாய்களை வளர்க்குமாறு வேண்டியபோது சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவற்றோடு இதன் பெயரையும் குறிப்பிட்டார். எங்கள் வட்டாரத்தார்க்கு இது பெருமையே. வெளியூர் உறவினர் தொலைபேசியில் அழைத்து, "நல்ல வெள்ளைக் குட்டியா ஒன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அந்த 'நல்ல வெள்ளை' என்னும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. கால்நடை மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கிய செய்தி இது. செவியின் உட்பகுதியில் ஒலியை நரம்புணர்வாக மாற்றும் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அவை உயிரோடு நிலைக்க வேண்டுமாயின், அருகே நிறமியணுக்களும் இருத்தல் வேண்டும். தோலுக்கும் உரோமத்துக்கும் நிறந்தரும் அதே வகை அணுக்களே அவை. அவை உட்செவியைச் சென்றடையாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் செவி பழுதாகிவிடுகிறது. புள்ளி போட்ட டால்மேசியன் நாயிடத்தும், நீலக்கண் கொண்ட வெள்ளைப் பூனையிடத்தும் உலகெங்கும் காணப்படும் குறையும் இதுவே. எல்லா வெள்ளை நாயும் செவிடன்று. ஒரு காதில் மட்டும் குறையுடையனவும் உள. ஆயினும், சிறு கறையும் இல்லாத வெண்மையும் சிவந்த மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைசேர்க்குங்கால், செவிட்டுக் குட்டிகளும் உடன் பிறக்கின்றன. எதனை அழகென்று விலை கொடுத்து வாங்குகிறோமோ, அந்த அழகின் கூலியே அந்தக் குறை. வாங்கும் நாம் அழகை எடுத்துக்கொள்கிறோம். கூலியைக் குட்டி கொடுக்கிறது.

எம் வீட்டுக் குருளை அவ்வாறு கூலி கொடுத்த ஒன்று. ஐந்து திங்கள் வயதில் சாலையோரத்தில் கிடந்ததை எவரோ எடுத்து, மதுரைப் பக்கத்து விலங்குக் காப்பகம் ஒன்றில் சேர்த்திருந்தனர். யார் வளர்த்தது, யார் விட்டது என்பது தெரியாது. தெரிந்தாலும் இங்கு எழுதப்போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு ஊரார் அனைவரும் கைகழுவிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. யான் அங்குச் சென்றதும் அதற்காக அன்று; நண்பர் ஒருவர் தம் மகனுக்கு நாய் பார்க்கச் சென்றபோது துணைக்குச் சென்றேன். ஏனைய குட்டிகள் கம்பியை நோக்கி ஓடிவந்து வாலாட்டின. இது மட்டும் மூலையில் சுவரை முட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றது. நண்பரின் மகன் துள்ளி வந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டான். யாங்கள் வீடு திரும்பினோம். அந்த முதுகு மட்டும் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஆண்டுதோறும் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலத்தைப் பாடம் சொல்பவன் யான். வேடன் வலையில் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டி வருகிறேன் என்று இரங்க, அதற்குப் பெருமானார் பிணைநின்ற செய்தியை உமறுப்புலவர் பாடியதை விரித்துரைத்து, மாணவர் கண் கலங்குவதைக் கண்டு மகிழ்ந்தவன். காப்பகத்திலிருந்து திரும்பிய மறுவாரம் அப்பாடம் நடத்த நேர்ந்தது. அன்று எனக்குக் குரல் வரவில்லை என்று எழுதினால் அது மிகைப்படுத்தலாகும். குரல் வழக்கம்போல் வந்தது. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் கூறினேன். ஐந்து வேளைத் தொழுகை தவறாத அவர்களுடைய விடை நான் எதிர்பார்த்ததே. "நாய் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க தம்பி. தெரியாமலா பேசுறே?" என்றார்கள். இந்தத் தடையை எள்ளி நகையாடுவோர் உண்டு. அவர்களோடு யான் சேரேன். நாயுள்ள வீட்டில் வானவர் நுழையார் என்னும் நபிமொழி புகாரி, முசுலிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. வேட்டைக்கும் மந்தைக்கும் வேளாண்மைக்கும் அன்றி நாய் வளர்ப்பவரது நன்மையில் நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்பதும் நபிமொழியே. அதே தொகுப்புகளில், தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு வந்து கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் உள்ளது. ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை மூடிவைப்பது கற்றோர்க்கு அழகன்று.

ஆகவே ஆலிம் ஒருவரை அடைந்து கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கொண்டு, கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ வழி. நாயின் உடலும் அசுத்தமே என்பதும் அவ்வழியின் கருத்து. எங்கள் குடும்பம் பின்பற்றும் ஹனபி வழியில் எச்சில்தான் அசுத்தம். மூன்று முறை கழுவினாலும் தூய்மையாம். உலர்ந்த உடல் உடையில் படுவதால் தொழுகைக்கு இடையூறில்லை. மாலிக்கீ வழியினர் நாயைத் தூய்மையானதென்றே கொள்வர். வானவர் பற்றிய நபிமொழி அனுமதிக்கப்பட்ட நாய்க்குப் பொருந்தாது என்று விளக்கிய அறிஞர் உளர். எல்லா நாய்க்கும் பொருந்தும் என்றோரும் உளர். "உங்களுக்குத் தோப்பு இருக்கிறதல்லவா?" என்று இறுதியில் கேட்டார். வீட்டின் பின்னே அத்தா வைத்துச் சென்ற சிறு மாந்தோப்பு இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து குரங்கும் காட்டுப்பன்றியும் வந்து பாழ்செய்வதும் உண்டு. "அப்படியானால் தோப்புக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொழுகை நடக்கும் அறைக்குள் விடாதீர்கள்" என்றார்.

"செவிட்டு நாய் என்ன காவல் காக்கும் வாத்தியாரே?" என்று எதிர்வீட்டுப் பெரியவர் நகைத்தார். கேள்வி நியாயமானது. இராஜபாளையம் நாய் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். செவி போனாலும் பார்வை கூர்மையாகவே இருக்கிறது. பகலில் குரங்கைத் துரத்த அது போதும். இரவுக் காவலுக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவின் மனத்தை மாற்றியது ஆலிமின் விளக்கமும் அன்று, என் வாதமும் அன்று. வெள்ளிதோறும் அவர்கள் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தின் தமிழாக்கத்தை ஒருநாள் உடனமர்ந்து படித்துக் காட்டினேன். கொடுங்கோன்மைக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்துறங்கிய இளைஞர்களின் வரலாறு அது. அவர்களுடைய நாய் முன்னங்கால்களை நீட்டிக் குகையின் வாசற்படியில் படுத்திருந்ததாக அங்கே கூறப்படுகிறது. பிற்காலத்தார் அவர்களுடைய எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லாடுகின்றனர்: மூவர் என்பர், ஐவர் என்பர், எழுவர் என்பர். ஒவ்வொரு முறையும் நாயையும் சேர்த்தே எண்ணுகின்றனர். அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பின்பு, "வாசப்படி வரைக்கும்தான். உள்ளே வரக்கூடாது, ஆமா" என்றார்கள்.

காப்பகத்தார் கேட்ட கேள்விகள் பெண் கேட்டுச் சென்ற இடத்தில்கூடக் கேட்கமாட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், மதிற்சுவர் எத்தனை அடி, வெளியூர் சென்றால் யார் பார்ப்பார், மருத்துவச் செலவுக்கு வழியுண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டனர். சற்றுச் சினம் வந்தது எனக்கு. இலவசமாகக் கொடுப்பதற்கு இத்தனையா என்று தோன்றிற்று. நான்காம் நாள் அக்கேள்விகளின் பொருள் விளங்கிற்று. மாலையில் மிதிவண்டியை உள்ளே எடுத்துவந்த யான் வாயிற்கதவைத் தாழிட மறந்தேன். குட்டி ஓடிவிட்டது. பெயர் சொல்லி அழைத்துத் தேடலாம் என்றால் அதற்குச் செவியில்லை. இரவெல்லாம் கைவிளக்கோடு அலைந்தேன். விடியற்காலையில் கண்மாய்க்கரைச் சாலையின் சிறு பாலத்தடியில் அதன் வெள்ளை தெரிந்தது. அருகே சென்றால் மறுபுறம் ஓடும் என்றஞ்சி, அதற்குப் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, அவித்த முட்டையைப் பிட்டுப் பிட்டு வைத்தேன். அது என் கைக்கெட்டும் தொலைவுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று முதல் இடைகழிக் கதவும் வாயிற்கதவும் ஒருசேரத் திறப்பதில்லை. கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு தொங்குகிறது. புதிதாய் வந்த அஞ்சும் நாய் முதல் சில வாரங்களில் ஓடிப்போவது பெரிதும் நிகழக்கூடியது என்று காப்பகத்தார் முன்னரே எச்சரித்திருந்தனர். கேட்டுக்கொண்டேன், மனத்திற் கொள்ளவில்லை.

அச்சமுள்ள குட்டியை அணைத்துக் கொஞ்சினால் அச்சம் தீரும் என்று நினைப்பது நம் இயல்பு. அது தவறு என்பதைப் பட்டறிந்தேன். கண்ணுக்குள் உற்றுநோக்குவதும், மேலிருந்து குனிந்து தலையில் கை வைப்பதும் நாயின் மொழியில் மிரட்டல்களாம். முதல் ஒன்பது நாள்கள் அது துணி துவைக்கும் கல்லின் மறைவிலேயே கிடந்தது. யாவரும் உறங்கிய பின்பே உண்டது. யான் செய்ததெல்லாம் நாள்தோறும் மாலையில் அதற்கு முதுகைச் சற்றே காட்டி அமர்ந்து விடைத்தாள் திருத்தியதுதான். (இத்தனை பொறுமையாக யான் விடைத்தாள் திருத்தியது இல்லை, அந்தப் பருவத்து மாணவர் சிலருக்கு மதிப்பெண் கூடியிருந்தால் நன்றி குட்டிக்கு உரியது.) பதினோராம் நாள் என் முழங்கையை முகர்ந்தது. மூன்று வாரம் கழித்து வாலின் நுனி அசைந்தது. நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் பருவம் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை என்பர். அப்பருவத்தை இழந்த குட்டிக்குப் பிற்பாடு கற்பிக்கலாம். ஆனால் காலம் பன்மடங்கு ஆகும். ஆறு திங்களுக்குப் பின்னும் எம் குருளை அயலாரைக் கண்டால் கல்லின் பின்னே சென்றுவிடுகிறது. அது என்றுமே துள்ளிவரும் நாயாக ஆகாமற் போகலாம். ஆகாவிடினும் எமக்குக் குறையில்லை.

அதனோடு யாம் கையால் பேசுகிறோம். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினால் அமர், நெஞ்சிற் கை வைத்தால் வா, கட்டைவிரல் உயர்த்தினால் நன்று. உறங்கும்போது தொடக்கூடாது, திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். காலால் தரையைத் தட்டினால் அதிர்வு உணர்ந்து விழிக்கும். உணவிலும் சில கட்டுப்பாடுகள் உள. எங்கள் ஊரில் விருந்தினர் வெறுங்கையோடு வரார், பால்கோவா வரும். அதில் ஒரு விள்ளல் நாய்க்கும் கொடுக்கும் அன்புள்ளங்களைத் தடுப்பதே பெரும்பாடு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு; வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பக்ரீத் நாளில் பிரியாணியும் எலும்பும் தருவது அன்பாகத் தோன்றலாம். அது கொலைக்கு ஒப்பாகும்.

இதனை ஒரு குடும்பக் கதையாக மட்டும் எழுத யான் விரும்பவில்லை. 2024ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேல். வெறிநோய் கண்டபின் பிழைப்பார் அரியர். தெருநாயால் அஞ்சும் தாயின் அச்சம் நாயின் அச்சத்தினும் சிறியதன்று. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைக் கருத்தடை செய்து தடுப்பூசியிட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றன. 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் சேர்க்க வேண்டும், அதே இடத்தில் மீண்டும் விடலாகாது என்று உத்தரவிட்டது. இது நம்மைப் போன்ற கல்லூரிகளை நேரே தொடும் செய்தி. உணவு விடுதிக்குப் பின்னால் நம் மாணவர் சோறிட்டு வளர்க்கும் நாய்கள் எங்குச் செல்லும்? காப்பகத்துக்கு. காப்பகம் நிரம்பினால்? ஒரு வாயில் வழியே நாய்கள் உள்ளே வந்துகொண்டிருக்க, மறுவாயில் வழியே வீடுகளுக்குச் செல்லாவிடின், காப்பகம் என்பது பெயர் நல்ல சிறைக்கூடமாகிவிடும்.

நிலைமை இவ்வாறிருக்க, நம் வட்டாரத்தில் விலைக்கென்றே குட்டிகள் பிறப்பிக்கப்படுகின்றன. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் வளர்ப்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்கின்றன. முறையாக நடத்துவோர் உளர். அவர்கள் இல்லையேல் இவ்வினமே அருகியிருக்கும். யான் கேட்பது வாங்குவோரிடம். கறையில்லா வெண்மையும் சிவந்த மூக்கும்தான் வேண்டும் என்று நாம் கேட்குந்தோறும் செவிட்டுக் குட்டிக்கு நாமே விதை போடுகிறோம். மூக்கு கறுத்த குட்டியை, காதில் பழுப்பு படிந்த குட்டியை மனமுவந்து வாங்கிக்கொள்ளுங்கள். இராஜபாளையத்தின் பெருமையைக் காக்க வேண்டும் என்று உண்மையாகவே எண்ணுவோர், அப்பெருமை ஒதுக்கிய குட்டி காப்பகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோட்டமும் மதிலும் உள்ள நம் வீடுகள் பல வெற்றாகக் கிடக்கின்றன. அடுக்ககத்தில் வாழ்வோரையும், வீட்டில் கைக்குழந்தை உள்ளோரையும் யான் வற்புறுத்தேன்; இரக்கத்தால் எடுத்துச் சென்று இரண்டு திங்களில் திருப்பிவிடுவது அக்குட்டிக்கு இரண்டாம் முறை நேரும் கைவிடல்.

அறியாத நாய் கடித்தால் செய்ய வேண்டியதை மாணவர் அறிந்திருத்தல் நலம். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டா. தோலிடைத் தடுப்பூசி முதல் நாளும், அதிலிருந்து மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்களும் இடப்படும், இடையில் நிறுத்தலாகாது.

நாலடியார் நட்பாராய்தலில் யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் இருக்கவும் நாய் வால் குழைக்கும் என்பது அதன் கருத்து. எம் குருளையைப் பார்த்தபின் அப்பாட்டை வேறுவகையாக எண்ணத் தோன்றுகிறது. வேல்பட்டும் வாலாட்டுவது நாயின் சிறப்பு என்று பாராட்டுகிறோம். வேல் எறிந்த கையைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. வேல்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்ட நாயும் நாய்தான்.

அம்மாவின் ஆணை இன்றும் செல்லுபடியாகிறது. குருளை வாசற்படியைத் தாண்டுவதில்லை. அதற்கெனத் தனி மண்சட்டி. அதைக் கழுவத் தனி நார். ஆயினும் வைகறைத் தொழுகைக்கு எழும் அம்மா தாழ்வாரத்தைக் கடக்கும்போது, அது திடுக்கிடாதவாறு தரையில் இருமுறை காலால் தட்டிவிட்டே கடக்கிறார்கள். யான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சென்ற வாரம் காப்பகத்திலிருந்து தகவல் வந்தது. வெள்ளையில் பழுப்புத் திட்டுள்ள இரு குட்டிகள் வந்துள்ளனவாம். செவி நன்றாகவே கேட்கிறதாம், அச்சம் மட்டும் மிகுதியாம். பார்க்க விரும்பும் மாணவர், தாய்தந்தையரை உடன் அழைத்துக்கொண்டு, பிற்பகல் வகுப்புகள் முடிந்தபின் துறையில் என்னைக் காணலாம். வீட்டார் ஒப்பாதவர் வரவேண்டா.